இருநூற்றுப் பத்து என்றது ஸ்டிக்கர்

அறுபத்து நாலு வயதில் ஒருவன் எடுக்கக்கூடிய தீர்மானங்களிலேயே பெரியதை நான் போன அக்டோபரில், காலைச் சாப்பாட்டு மேஜையில், வெண்ணெய் தடவிய பிரெட்ஸல் ரொட்டியை உயர்த்திப் பிடித்தபடி எடுத்தேன்.

"இந்தக் குளிர்காலத்துல என் வேகம் ஒரு கிலோமீட்டர்கூடக் குறையாது!"

"வெண்ணெய் சட்டையில சொட்டுது" என்றாள் இர்மேலா.

இர்மேலா என் மனைவி. முப்பத்தெட்டு வருடமாக என் எல்லாத் தீர்மானங்களுக்கும் இந்த விதமாகத்தான் ஒப்புதல் வழங்கி வருகிறாள்.

முதலிலிருந்து சொல்கிறேன். என் பெயர் ஓட்மார் ஹேகலே. நாகோல்ட் என்ற ஊரில் சொந்த வீடு. முப்பத்தோரு வருடம் அரசாங்கத்தில் முத்திரை ஆய்வாளராக இருந்தேன். கசாப்புக்கடைத் தராசு, பெட்ரோல் பங்க் மீட்டர், காய்கறிச் சந்தைப் படிக்கல் எல்லாவற்றையும் சோதிப்பேன். சரியாக இருந்தால் ஸ்டிக்கர் ஒட்டுவேன். ஒட்டியது ஒட்டியதுதான். அதற்குப் பிறகு அந்தத் தராசே வாய் திறந்து "ஐயா, நான் பொய் சொல்கிறேன்" என்று அழுதாலும் நான் ஸ்டிக்கரைத்தான் நம்புவேன்.

ஓய்வு பெற்றதும் மற்றவர்கள் ரோஜாச் செடி வாங்குவார்கள். நான் ஒரு கார் வாங்கினேன். நாலு வருடம் ஓடியது, சிவப்பு, நானூறு குதிரைச் சக்தி. பக்கத்து வீட்டு ப்யூலர், "இந்த வயசுல நானூறு குதிரையை எங்க கட்டுவீங்க?" என்றார். இர்மேலா காரை ஒரு சுற்று சுற்றி வந்தாள். ஓட்டுகிறவர் இருக்கையில் உட்கார்ந்தாள். இருக்கையை முன்னால் இழுத்தாள், கண்ணாடியைத் திருப்பினாள், "பரவாயில்ல" என்றாள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்ததும் நாங்கள் இருவரும் எண்பத்தொன்றாம் நெடுஞ்சாலையில் தெற்கே ஏரிப்பக்கம் போவோம். வழியில் ஒரு நீண்ட துண்டில் வேகக் கட்டுப்பாடு கிடையாது. அங்கே நான் மிதிப்பேன். ஜூன் மாதம் ஒரு நாள் மணிக்கு இருநூற்று அறுபது கிலோமீட்டரில் போனேன். அந்த நாலைந்து நிமிடத்தில் எனக்கு ரத்த அழுத்தம் இல்லை, ஓய்வூதியம் இல்லை, மூட்டு வலி இல்லை. வெளிப்படையாகச் சொல்கிறேனே, வாரத்தின் மற்ற நேரத்தையெல்லாம் அந்த நாலைந்து நிமிடத்துக்காகத்தான் தள்ளிக்கொண்டிருந்தேன்.

அதற்குத்தான் வந்தது ஆபத்து. எங்கள் ஊரில் அக்டோபர் முதல் ஈஸ்டர் வரை குளிர்கால டயர். கோடைக்கால டயர் முன்னால் இருநூற்று ஐம்பத்தைந்து மில்லிமீட்டர் அகலம், பின்னால் இருநூற்று எண்பத்தைந்து. குளிர்காலத்துக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, அதே அகலத்தில் குளிர்கால டயர். அது மணிக்கு இருநூற்று எழுபது கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும். இன்னொன்று, நாலு சக்கரத்துக்கும் இருநூற்று முப்பத்தைந்தில் குறுகலான டயர். அது இருநூற்றுப் பத்துதான்.

"குறுகலே போதும்" என்றாள் இர்மேலா. "பனியில நல்லாப் பிடிக்கும்னு எல்லாரும் சொல்றாங்க."

"பனியில பிடிக்கும். வேகத்துல?"

"வேகத்துல நீ போகாதே."

"இர்மேலா, இது விஞ்ஞானம்." நான் அவள் சுட்டு வைத்திருந்த பிளம்ஸ் கேக்கை என் பக்கம் இழுத்தேன். ஒல்லியாக ஒரு துண்டு வெட்டித் தட்டில் நிமிர்த்தி வைத்தேன். பக்கத்தில் அகலமாக ஒரு துண்டு. "இது குறுகல் டயர். பக்கச்சுவர் உயரம், அடி ஒல்லி. இது அகல டயர். பக்கச்சுவர் குட்டை, அடி அகலம். இப்போ ரெண்டும் இருநூறுல போகுது. லேன் மாறுது. பாரு!" தட்டைச் சரக்கென்று நகர்த்தினேன். ஒல்லித் துண்டு குப்புற விழுந்தது. "பாத்தியா? ரப்பர் வளையும். சுவர் ஒரு பக்கம் சாயும், கார் இன்னொரு பக்கம் போகும். பின்னாடி வால் ஆடும். குளிர்கால ரப்பர் மெத்துன்னு வேற இருக்கும். உசுருக்கு ஆபத்து!"

"அப்போ விழுந்ததை நான் சாப்பிடறேன்" என்று எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். "இது வேகமா போனாத்தானே விழும்? இருநூத்திப் பத்துக்குள்ள போனா நிக்கும்ல?"

"நிக்கும். ஆனா..."

"அவ்வளவுதான். குறுகல்."

நான் அகலத் துண்டை எடுத்துத் தின்றேன். தோற்றுவிட்டேன் என்று அவள் நினைத்திருப்பாள். உண்மையில் நான் திட்டம் போட்டுக்கொண்டிருந்தேன்.

திட்டம் இதுதான். டயரின் தாங்கும் வேகம் காரின் உச்ச வேகத்தைவிடக் குறைவாக இருந்தால், அந்த எண்ணை ஒரு ஸ்டிக்கரில் அடித்து ஓட்டுகிறவர் கண்ணுக்கு நேரே ஒட்ட வேண்டும். இது எங்கள் நாட்டுச் சட்டம். இதை எழுதிய அதிகாரி யாரோ, கையை முத்தமிடலாம். நான் கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு டயர்க் கடை ஓர்ஹானுக்கு போன் போட்டேன்.

"ஓர்ஹான், அகல டயர் போடுங்க. இருநூத்தி எழுபது தாங்கறது."

"சரி சார்."

"ஆனா ஸ்டிக்கர் இருநூத்திப் பத்துன்னு ஒட்டுங்க."

"இருநூத்தி எழுபது தாங்கற டயருக்கு உங்க காருல ஸ்டிக்கரே தேவையில்லையே சார்."

"காருக்குத் தேவையில்ல. வீட்டுக்குத் தேவை."

"புரியுது சார்" என்றான். அவனுக்கும் கல்யாணமாகி இருபது வருடம் ஆகிறது.

முப்பத்தோரு வருட உத்தியோகத்தில் நான் ஒரு பொய் ஸ்டிக்கர்கூட ஒட்டியதில்லை. அன்றைக்கு ஒட்டச் சொன்னேன். மனசாட்சி லேசாகக் குத்தியது. பிளம்ஸ் கேக்கில் இன்னொரு துண்டு போட்டு அதைச் சமாதானப்படுத்தினேன்.

சனிக்கிழமை டயர் மாற்ற நேரம் வாங்கியிருந்தேன். அந்த வாரம் தெருப் பெருக்கும் முறை எங்கள் வீட்டுக்கு. கிளம்புவதற்கு முன் வாசலைப் பெருக்கிவிடு என்றாள் இர்மேலா. பெருக்கினேன். ஒரே ஒரு மேப்பிள் இலை மட்டும் துடைப்பத்துக்கு வராமல் ஒட்டிக்கொண்டு கிடந்தது. குனிந்தேன். அப்படியே நின்றுவிட்டேன். இடுப்புப் பிடிப்புக்கு எங்கள் பக்கம் 'சூனியக்காரி சுட்டுட்டா' என்று சொல்வார்கள். எந்த ஜன்னலிலிருந்து சுட்டாள் என்று அப்போது நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பவும் முடியவில்லை.

"நீ படு. டயருக்கு நான் போறேன்" என்று சாவியை எடுத்தாள்.

"வேணாம்! அடுத்த வாரம் போகலாம்!"

"ராத்திரி உறைபனி வருதுன்னு ரேடியோவுல சொன்னான். படு மனுஷா."

இரண்டு மணி நேரம் சோபாவில், முதுகுக்கடியில் வெந்நீர்ப் பையோடு, கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். ஓர்ஹான் வாயைத் திறப்பானா, மாட்டானா? கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அவள் உள்ளே வந்து கோட்டைக் கழற்றி மாட்டினாள்.

"போட்டாச்சா?" என்றேன், குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு.

"ஆச்சு."

"எது?"

"எதுன்னா? நாம பேசினது ஒண்ணுதானே?"

"ஆமாமா. ஒண்ணுதான்."

"ஓர்ஹான் என்னமோ பெரிய டயரு, அகலம், எழுபதுன்னு உளறினான்."

வெந்நீர்ப் பை திடீரென்று சில்லிட்டது. "நீ... என்ன சொன்னே?"

"'என் புருஷன் எங்கிட்ட என்ன சொல்லியிருக்கார்னு எனக்குத் தெரியும்'னேன். அப்புறம் எல்லாம் சரியாயிடுச்சு. இருநூத்திப் பத்து. ஸ்டிக்கரும் ஒட்டியாச்சு. வேணும்னா போய்ப் பாரு."

முடிந்தது கதை. அவள் அகலத்தைக் கழற்ற வைத்துக் குறுகலைப் போட வைத்துவிட்டாள்! ஓர்ஹானிடம் கேட்கலாமென்றால், கேட்பதற்கு எனக்கு வாயில்லை. பில்லைக் காட்டு என்று இவளிடம் கேட்கலாமென்றால், ஏன் கேட்கிறாய் என்பாள். காட்டிக்கொடுத்த ஓர்ஹானோடு அடுத்த டயர் மாற்றம் வரை பேசுவதில்லை என்று இரண்டாவது தீர்மானத்தை எடுத்தேன். இதை மட்டும் காப்பாற்றினேன்.

பத்து நாள் கழித்துத்தான் கார் இருக்கையில் உட்கார முடிந்தது. முதல் வேலையாக ஸ்டிக்கரைப் பார்த்தேன். மீட்டருக்குப் பக்கத்தில், வட்டமாக, மஞ்சளாக, இருநூற்றுப் பத்து. ஓரம் தூக்காமல் நேராக ஒட்டியிருந்தான். தொழில் முறையில் குறை சொல்ல முடியாது. டயரைக் குனிந்து பார்க்கலாம் என்றால் இடுப்பு சம்மதிக்கவில்லை. டிசம்பரில் இடுப்பு சம்மதித்தபோது எனக்கு அவசியம் தோன்றவில்லை. சாலை உப்பும் சேறும் அப்பிய சக்கரத்தில் பார்க்க என்ன இருக்கிறது? அதுதான் ஸ்டிக்கர் சொல்கிறதே.

காரில் உட்கார்ந்த முதல் ஞாயிறே இருநூறைத் தொட்டேன். தொட்டதும் தெரிந்துவிட்டது.

"இர்மேலா! ஆடுது!"

"என்ன ஆடுது?"

"வால்! பின்னாடி! உனக்குத் தெரியல? என் உடம்பு ஒரு அளவுமானி. முப்பத்தோரு வருஷ அனுபவம். இப்படி," வலது கையை ஸ்டீயரிங்கிலிருந்து எடுத்துக் காட்டினேன், "இப்படி வளையுது பாரு பக்கச்சுவர். அப்புறம் இப்படித் திரும்பி வருது."

"அட, ஆமா. இப்போ ஆடுதே" என்றாள், கதவின் மேல் கைப்பிடியைப் பிடித்தபடி.

"அன்னிக்கே சொன்னேனா இல்லையா?"

"சொன்னே. கேக் வச்சுக்கூடக் காட்டினே."

எவ்வளவு இனிமை அந்த வார்த்தைகளில்! வேகம் போனது வருத்தம்தான். ஆனால் முப்பத்தெட்டு வருடத்தில் முதல் தடவையாக என் மனைவி நான் சொன்னது சரி என்று ஒப்புக்கொண்டிருக்கிறாள். அதற்கு அடுத்த ஞாயிறும் நூற்றுத் தொண்ணூற்றைந்தில் ஆடியது. நான் விளக்கினேன், அவள் ஒப்புக்கொண்டாள். கிறிஸ்துமஸுக்குள் நூற்றெண்பதிலேயே ஆட்டத்தைக் கண்டுபிடிக்கும் அளவுக்கு என் உடம்பு தேறிவிட்டது. ஜனவரியில் நூற்றைம்பதுக்கு மேல் நான் போகவில்லை. லாரிகளை மதிக்கக் கற்றுக்கொண்டேன். இருநூற்று அறுபதில் போனவனைவிட, ஏன் போகக் கூடாது என்று நூற்றைம்பதில் விளக்குகிறவன் சந்தோஷமாக இருக்க முடியும் என்று யார் நினைத்தார்கள்?

பிப்ரவரியில் வேலியோரம் ப்யூலர் பிடித்துக்கொண்டார்.

"ஹேகலே, வியாழக்கிழமை உங்க கார் என்னைத் தாண்டிப் போச்சு. நான் இருநூறுல போயிட்டிருந்தேன். நீங்க அம்பு மாதிரி போயிட்டீங்க."

"நானா? வியாழக்கிழமை நான் இடுப்புக்கு வெந்நீர்க் குளத்துல கிடப்பேனே."

"சிவப்புக் கார். நாகோல்ட் எண்ணு."

"ப்யூலர், என் கார்ல இருநூத்தி முப்பத்தஞ்சு டயர். உயரமான பக்கச்சுவர். அந்த வேகத்துல போனா அது நடனமாடும். வாங்க, ஸ்டிக்கரைக் காட்டறேன்."

காட்டினேன். அவரும் எங்கள் ஊர்க்காரர்தானே. ஸ்டிக்கரைப் பார்த்ததும், "அப்போ வேற காராத்தான் இருக்கும்" என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். வியாழக்கிழமைகளில் இர்மேலா அந்தக் காரை எடுத்துக்கொண்டு ஸிங்கனில் இருக்கும் தன் அக்கா எல்ஸ்பெத் வீட்டுக்குச் சாப்பிடப் போகிறாள் என்பது எனக்கு நினைவில் இருந்தது. ரயில் பாதையில் வேலை நடந்ததால் அந்தக் குளிர்காலம் முழுக்க அப்படித்தான் போனாள். நினைவில் இருந்தது, ஆனால் அதையும் இதையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. இர்மேலா ரொட்டிக் கத்தியைக்கூட மெதுவாகத்தான் ஓட்டுவாள்.

ஈஸ்டருக்கு முந்திய வியாழன். டயர் மாற்ற நானே போனேன். ஓர்ஹான் காரை லிஃப்ட்டில் ஏற்றித் தூக்கினான். சக்கரங்கள் என் கண்ணுக்கு நேரே வந்து நின்றன. அவன் ஒரு துணியால் பின் டயரைத் துடைத்தான்.

"நல்லா அனுபவிச்சிருக்கீங்க சார் இந்தக் குளிர்காலத்தை."

"என்னத்தை அனுபவிச்சேன்? நூத்தம்பதைத் தாண்டல."

ஓர்ஹான் சிரித்தான். "எங்கிட்டயுமா சார்? நடு வரி தேஞ்சிருக்கு பாருங்க. இது வேகத்துல நடு உப்பி ஓடின டயரு."

"குறுகல் டயர் அப்படித்தான் தேயும்."

"எது குறுகல்?"

விரலால் காட்டினான். படித்தேன். இருநூற்று எண்பத்தைந்து. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன். அதே எண்பத்தைந்து. முன்னால் ஓடினேன். இருநூற்று ஐம்பத்தைந்து.

"இது... இது எப்போ போட்டீங்க?"

"அக்டோபர்ல. நீங்க போன்ல சொன்னது சொன்னபடி. அகல டயர், இருநூத்திப் பத்து ஸ்டிக்கர். மேடம் வந்தப்போ எனக்குக் கொஞ்சம் பயமாத்தான் இருந்தது, வாய் தவறி எழுபதுன்னுட்டேன். அவங்க, 'எல்லாம் என் புருஷன் சொன்ன மாதிரியே இருக்கட்டும், ஸ்டிக்கரை மட்டும் நல்லாக் கண்ணுல படற மாதிரி ஒட்டுங்க'ன்னாங்க. தங்கமான மனுஷி சார்."

ஐந்தரை மாதம்! நான் ஒட்டச் சொன்ன பொய்யை நானே படித்து, நானே நம்பி, ஊருக்கெல்லாம் விளக்கியிருக்கிறேன். உடம்பு அளவுமானியாம். வெட்கத்தில் காது சுட்டது. கூடவே இன்னொரு நினைப்பும் வந்தது: டயர் இன்னும் இருக்கிறது. ஞாயிறும் இருக்கிறது.

"இறக்குங்க காரை. அடுத்த வாரம் மாத்திக்கலாம்!"

வீட்டில் இர்மேலா மால்டாஷன் என்ற இறைச்சிக் கொழுக்கட்டைக்கு மாவு தேய்த்துக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமை அக்கா வீட்டுப் பயணம் ஈஸ்டருக்காக ரத்து.

"டயர் அகலம்!" என்று சமையலறை வாசலிலேயே முழங்கினேன்.

"ஓ, பாத்துட்டியா?"

"குறுகல்னு பொய் சொன்னே!"

"எப்போ சொன்னேன்? நினைச்சுச் சொல்லு."

நினைத்தேன். சொல்லவே இல்லை. இருநூற்றுப் பத்து என்றாள், ஸ்டிக்கர் என்றாள், போய்ப் பார் என்றாள். போய்ப் பார்த்தது நான்.

"அப்போ ஆடுதுன்னு ஒப்புக்கிட்டியே? ஒவ்வொரு ஞாயிறும்?"

"ஆடிச்சே! நீ விளக்கம் சொல்றப்போ ஒரு கையை எடுத்துடறே. இன்னொரு கையும் கூடவே ஆடுது. ஸ்டீயரிங் ஆடினா கார் ஆடாதா? ஜூன்ல இருநூத்தி அறுபதுல டயர் காத்தழுத்தம் பத்தி ரெண்டு கையாலயும் சொன்னே. ஞாபகம் இருக்கா? எனக்கு இருக்கு. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், டயரு நல்லதா இருக்கணும், நீ மெதுவாப் போகணும்னு. ரெண்டையும் நீயே போன்ல ஏற்பாடு பண்ணிக் குடுத்துட்டே. எனக்கு வேலையே வைக்கல."

"வியாழக்கிழமை?"

மாவு தேய்க்கும் கட்டை ஒரு கணம் நின்றது. "எல்ஸ்பெத் சூப் ஆறிடும்ல."

"எவ்வளவு வேகம்?"

"யாரு பாத்தா? எனக்குத் தூரத்துக்குப் போடற கண்ணாடியில மீட்டரும் தெரியாது, ஸ்டிக்கரும் தெரியாது. ரோடுதான் தெரியும்."

கோபப்பட வேண்டிய இடம். பட்டேன். ஆனால் நாற்பது வருடமாகத் தெரிந்த முகத்தில், கன்னத்தில் மாவோடு, லேசாக ஒரு வெட்கச் சிரிப்பு இருந்தது. அதை நான் கல்யாணத்துக்கு முன்னால் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். கோபம் நிற்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை நான் இருநூத்தி அறுபது போகப் போறேன்" என்றேன். "இந்த டயர்லயே. யாரும் தடுக்க முடியாது."

"யாரு தடுத்தா? போ. ஒரே ஒரு கண்டிஷன். வாயைத் திறக்காம ஓட்டணும். திறந்தா அடுத்த நிறுத்தத்துல ஓட்ட நான் உக்காருவேன்."

"இவ்வளவுதானா?" எனக்குச் சிரிப்பு வந்தது. நாலு நிமிடம் பேசாமல் இருக்க முடியாத மனிதனா நான்?

ஈஸ்டர் ஞாயிறு. மதிய விருந்து எல்ஸ்பெத் வீட்டில். வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. சாலை காய்ந்து கிடந்தது. கட்டுப்பாடு முடியும் பலகையைத் தாண்டினோம். மிதித்தேன். நூற்றெண்பது. இருநூறு. வால் அசையவில்லை. இருநூற்றுப் பத்து. ஸ்டிக்கரைப் பார்த்தேன், தாண்டினேன், உடம்பெல்லாம் சிலிர்த்தது. இருநூற்று இருபது. தண்டவாளம்! சுத்தமான தண்டவாளம்! அகலமான அடி, குட்டையான சுவர், நான் அக்டோபரிலேயே சொன்ன விஞ்ஞானம் கண்ணெதிரே, இல்லை, உடம்புக்குக் கீழே நிரூபணமாகிக்கொண்டிருக்கிறது. இதைச் சொல்லாமல் விடுவது விஞ்ஞானத்துக்கே துரோகம் இல்லையா?

"பாத்தியா இர்மேலா," வலது கை தானாகவே மேலே போயிற்று, "இந்தப் பக்கச்சுவர் இருக்கே, இது இப்படி..."

கார் ஆடியது.

அவள் கைப்பையைத் திறந்து தூரத்துக்குப் போடும் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி இடம் மாறினோம். அவள் இருக்கையை முன்னால் இழுத்தாள், பின்பக்கம் காட்டும் கண்ணாடியைத் திருப்பினாள், நெடுஞ்சாலையில் ஏறினாள். மீட்டர் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. இருநூற்று அறுபத்து நாலு. என் சாதனையைவிட நாலு கூட. கார் ஒரு இழைகூட அசையவில்லை. எனக்குத்தான் தொண்டையிலிருந்து ஏதோ சத்தம் வந்துகொண்டிருந்தது.

"இந்தா," என்று சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், பையில் துழாவி ஒரு புதினா மிட்டாயை நீட்டினாள். "வாயில போட்டுக்கோ. எல்ஸ்பெத் வீடு வரைக்கும் கரையாது."